வீட்டு சர்பத்தும் நோயாளியின் குவளையும்

சித்திரை பிறந்ததும், பார்வையாளர் நேரத்தில் எங்கள் வார்டுகளுக்கு வரும் பைகளில் கண்ணாடிப் புட்டிகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். ஒன்றில் நன்னாரி, ஒன்றில் எலுமிச்சை, இன்னொன்றில் பன்னீர் திராட்சை. “கடையில் வாங்கியது இல்லை, வீட்டிலேயே காய்ச்சியது” என்று சொல்லிக் கொடுப்பவரின் குரலில் ஒலிக்கும் பரிவை நாங்கள் அறிவோம். ஆயினும் உணவியல் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு அந்தச் சொற்களே கவலையும் தருகின்றன. வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பானம் நோயாளிக்கு ஏற்றதாகிவிடாது என்பது எங்கள் கருத்து.

காரணம் பாகின் இயல்பிலேயே இருக்கிறது. பிழிந்த பழச்சாறு விரைவில் புளித்துப்போகும். அதே சாறு பாகானதும் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பது சர்க்கரையால்தான். செறிந்த சர்க்கரை நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லாமல் போகிறது. எலுமிச்சையின் புளிப்பு அதற்குத் துணை நிற்கிறது. விற்பனைக்கு வரும் சர்பத் பாகில் கரைந்துள்ள திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதில் பெரும்பங்கு சர்க்கரையே. அடுப்பு நம்முடையது என்பதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

அத்தகைய பாகில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி, ஒரு குவளை நீரில் கலந்தால் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. உணவில் தனியாகச் சேரும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது கூடுதல் நன்மை தரும் என உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. அது உடல்நலத்தோடு இருப்பவருக்கே சொல்லப்பட்ட அளவு. வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றில் காய்ச்சினாலும் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சென்ற கோடையில் முதியவர் ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெற்றார். இன்சுலின் அளவைக் கூட்டியும் மூன்று நாள்களாகச் சர்க்கரை இறங்கவில்லை. உணவுப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். குறை எதுவும் தென்படவில்லை. நான்காம் நாள்தான் கட்டிலடியில் இருந்த நன்னாரிப் புட்டி எங்கள் கண்ணில் பட்டது. “இனிப்பைத் தொடவே விடவில்லை அம்மா, இது உடம்புக்குக் குளிர்ச்சிதானே” என்றார் அவர் மனைவி. அவர் எதையும் மறைக்கவில்லை. “இனிப்பு சாப்பிடுகிறாரா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, “என்ன குடிக்கிறார்?” என்று கேட்காமல் விட்டவர்கள் நாங்கள். பிழை எங்களுடையது.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக் காய்ச்சலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அப்போது பாகு தன் காவலை இழக்கிறது. குமிழி எழுவதும் மூடி திறக்கையில் காற்றுச் சீறுவதும் அது நொதித்துவிட்டதன் அடையாளம். புற்றுநோய்ச் சிகிச்சையால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அத்தகைய பானம் ஆபத்தாகலாம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நீரின் அளவும் பழத்தின் பொட்டாசியமும் கணக்கில் வரும். நட்சத்திரப்பழம் அவர்களுக்கு நஞ்சாகவே முடியக்கூடும். வயிற்றுப்போக்கின்போது சர்பத்தை நம்ப வேண்டாம். மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். அப்போது தேவைப்படுவது ஓ.ஆர்.எஸ். கரைசலே.

அப்படியானால் புட்டிகளை வாசலிலேயே நிறுத்திவிடலாமா? கூடாது என்பதே எங்கள் எண்ணம். இன்சுலின் எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும்போது, விழுங்கும் நிலையில் இருந்தால், உடனே 15 கிராம் சர்க்கரை தரவேண்டும். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றே கூடுதலான பாகில் அது கிடைத்துவிடும். செவிலியரை அழைத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். உணவே இறங்காமல் மெலிந்துபோன ஒருவருக்கு, மருத்துவர் இசைந்தால், வீட்டு ருசியுள்ள ஒரு குவளை பசியையும் தூண்டலாம். ஒரே புட்டி ஒரு கட்டிலில் தீங்காகவும் அடுத்த கட்டிலில் உதவியாகவும் இருக்கிறது. அளவும் ஆளும் அறிந்து கொடுப்பதில்தான் வேறுபாடு.

ஆகவே குடும்பத்தினரிடம் எங்கள் வேண்டுகோள் எளியது. புட்டியின் மேல் காய்ச்சிய நாளையும், சாறு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதையும் எழுதி ஒட்டுங்கள். நோயாளியின் கையில் கொடுக்குமுன் செவிலியரிடம் காட்டுங்கள். எங்கள் பங்குக்கு, சேர்க்கைப் படிவத்தில் “என்ன குடிக்கிறீர்கள்?” என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். அதற்கு விடை சொல்லும்போது சர்பத்தையும் மறவாமல் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்களோடு அமர்ந்து கணக்கிடுவோம்.