பறை எடுத்தால் வெளியே போகும் பையன்

எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் கூடுகிறார்கள். வரைகிறார்கள், கதை கட்டுகிறார்கள், நாடகம் போடுகிறார்கள். வீட்டுப்பாடம் கடைசி அரை மணி நேரம்தான். என் ஆய்வேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதே தெருவில் வளர்ந்தவன் என்பதால் போகிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பான். பறையை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான். பறை நம் விடுதலை இசை என்று மேடைகளில் கேட்டு வளர்ந்த எனக்குக் கோபம் வந்தது. அவனை உட்காரவைத்து வரலாறு சொன்னேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. பள்ளிக் கலைவிழாவில் பாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். ஆசிரியர் ஒருவர் "உங்க ஆளுங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்குமேடா" என்று பறையைக் கையில் கொடுத்திருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அவன் அப்பா ஊர்ச் சாவுக்கு அடிக்கப் போவதை விட்டு, பெயின்ட் வேலைக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அதற்காக அவர் வாங்கிய அடியும் ஏச்சும் தெருவுக்கே தெரியும். அவர் இறக்கிவைத்ததை ஆசிரியர் மகன் தோளில் மாட்டப் பார்த்தார். நல்லெண்ணத்தோடு நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

கலை பிள்ளைகளின் மனதை வளர்க்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தக் கலை, யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளைக்குப் பறையும் ஒரு சாதித்தொழில்தான். பறையை நேசிக்கிறவன்தான் இதைச் சொல்கிறேன்.

"கோபத்தைக் கட்டுப்படுத்துங்கள்" என்று பயிற்சி கொடுக்க வருகிறவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. நம் பிள்ளையின் கோபம் நோயல்ல. நடந்ததை அவன் சரியாகப் புரிந்துகொண்டதன் அடையாளம். அதற்குச் சொல் வேண்டும், வடிவம் வேண்டும். பூலே தம்பதியர் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினார். 1855இல் அது 'ஞானோதயா' இதழில் அச்சானது. அவரிடம் யாரும் பொறுமையாக இரு என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரை நமக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் பேச வேண்டும், தோழர்களே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த பையன்களே வெட்டினார்கள். அது வகுப்பறையில் நடக்கவில்லை. பள்ளி விட்ட பிறகு, இரவில், வீடு புகுந்து நடந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் எல்லாம் அவசியம்தான். ஆனால் பள்ளி வாசலில் கயிற்றைக் கழற்றுகிற பையன் மாலை எங்கே போகிறான்? சாதிச் சங்கக் கொடிக்கம்பத்தடிக்கு. மனவளர்ச்சி அவனுக்குத்தான் முதலில் தேவை. நாமோ வெட்டுப்பட்டவன் தெருவில் மட்டும் கலை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி நல்ல திட்டம். ஆனால் கிராமத்தில் 'வீட்டுக்கு அருகில்' என்றால் ஊர்ப்பிள்ளை ஊரில், காலனிப் பிள்ளை காலனியில். பகலில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் மாலையில் பிரிகிறார்கள். இருவருக்கும் பொதுவாக இருக்கிற ஒரே கட்டடம் அரசுப் பள்ளி. நான்கரை மணிக்கு அதைப் பூட்டுகிறோம். ஏழு மணி வரை திறந்து வைத்தால் என்ன? ஆள் இல்லை என்பார்கள். 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் பணி நிரந்தரம் கேட்டு வீதியில் நின்றார்கள். முழு நேரமும் முழுச் சம்பளமும் கொடுத்து அவர்களிடமே அந்த மாலையை ஒப்படைக்கலாம்.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் கழித்து வந்தான். பறை எடுக்கும்போது இப்போதும் வெளியே போகிறான். வாசற்படியில் உட்கார்ந்து, அக்காவின் மொபைலில் கீபோர்டு வாசிக்கிறான். சத்தம் இடிக்கிறது என்று சின்னப் பிள்ளைகள் அவனிடம் சண்டைக்குப் போகிறார்கள். நான் தலையிடுவதில்லை.