பாய்க்கு முன்பணம் கொடுங்கள்!

வண்டியூர் வணிகர்களே, இளைஞர்களே! சமுதாயம் முன்னேற வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். நம் கடைக்குச் சரக்கு தரும் கைவினைஞருக்கு எப்போது பணம் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நெல்லைச் சீமையின் பத்தமடையைப் பாருங்கள். அங்கே பாய் நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். கோரையை ஊறப்போட்டு, மெல்லிய இழையாகக் கிழித்து, சாயமேற்றி நெய்கிறார்கள். மணமக்கள் பெயர் பொறித்த கல்யாணப் பாய் அவர்களின் கைவண்ணம். 2012-13ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பெயர் அடுப்பை எரிக்குமா? பிளாஸ்டிக் பாய் சந்தையைப் பிடித்துக்கொண்டது. 2020 ஊரடங்கில் கல்யாணங்களும் சுருங்கின.

நயமான பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கோரைக்கும் நூலுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்ன செய்வது? 'விற்ற பிறகு தருகிறேன்' என்று வியாபாரி சொன்னால், நெய்பவர் கடன்காரரிடம் போகிறார். கூலி வட்டிக்குப் போகிறது. வட்டி வாங்காத நாம், அடுத்தவரை வட்டியில் தள்ளலாமா?

கைவினைஞர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லா முன்பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது உலக நியாய வணிக அமைப்பின் விதி. இது தர்மம் அல்ல, வியாபாரம். முன்பணம் பெற்றவர் அடிமாட்டு விலைக்கு விற்கத் தேவையில்லை. மகளுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுப்பார். உங்களுக்கும் சொன்ன தேதியில் தரமான சரக்கு வரும்.

வணிகர்களே, வருகிற கல்யாண சீசனுக்குப் பத்துப் பாய்க்கு ஆர்டர் கொடுங்கள். பாதிப் பணத்தை அன்றே எண்ணி வையுங்கள். இளைஞர்களே, உங்கள் திருமணத்துக்குப் பத்தமடைப் பாய் கேளுங்கள். மேடைப் பேச்சைவிட அது பெரிய சேவை!