பங்காளிக்கு அறிவிக்காமல் எழுதிய உறுதி

பங்குக்காணியில் தன் பங்கை விற்க நினைப்பவன் முதலில் மற்றைய பங்காளிக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அவன் வாங்காவிட்டாற்றான் பிறத்தியாருக்கு எழுதலாம். இது நம் தேசவழமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இவ்வழமைக்கு எழுத்துருவம் தந்தது. இரண்டு பரப்புத் தோட்டக்காணிக்கே இத்துணைப் பாதுகாப்பென்றால், ஒரு தேசத்தின் கடலும் கரையும் வானும் பற்றிய உறுதியை எழுதும்போது பங்காளிக்கு ஒரு சொல்லேனும் சொல்ல வேண்டாமா?

2025 ஏப்ரில் 5ஆம் நாள், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பிலிருக்கையில், இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையொன்றில் ஒப்பமிட்டன. பாராளுமன்றத்தில் அது முன்கூட்டி வைக்கப்படவில்லை. வாசகம் எங்கே என்று கேட்டபோது, மறுதரப்பின் இணக்கமின்றி வெளியிடல் இயலாதென்பதே அரச தரப்பின் விடை. பயிற்சி பற்றியதே, பழைய ஒத்துழைப்பை ஒழுங்குபடுத்துவதே, அஞ்சற்க என்றனர். அஞ்சவேண்டாத பத்திரத்தை ஏன் மறைக்க வேண்டும்? வழக்குரைஞர் எவரும் உறுதியை வாசியாமல் கட்சிக்காரனுக்கு "நல்ல உறுதி" என்று நற்சாட்சி கூறார். நாமும் கூறோம்.

இந்தியாவுடன் நட்பு வேண்டாமென்பது நம் வாதமன்று. மயிலிட்டியிலிருந்து கோடியக்கரை கூப்பிடு தூரம். அக்கரையின் மொழி நம் மொழி. பகைத்து வாழ நமக்கு விருப்பமுமில்லை, வழியுமில்லை. ஆனால் நட்பு வேறு, மறைவான கைச்சாத்து வேறு. மறைவிற் பிறந்த உடன்படிக்கை நண்பருக்கிடையே என்ன செய்யும் என்பதை உலகம் அண்மையிற்றான் கண்டது.

2021 செப்ரெம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் ஒரு புதிய பாதுகாப்புக் கூட்டை அறிவித்தன. பன்னிரண்டு நீர்மூழ்கிகளுக்காகப் பிரான்சுடன் செய்திருந்த ஏற்பாட்டை அவுஸ்திரேலியா அத்துடன் கைவிட்டது. இரண்டு நாளில் பிரான்சு தன் தூதுவரை வாசிங்டனிலிருந்தும் கன்பெராவிலிருந்தும் திருப்பியழைத்தது. அமெரிக்காவின் மிகப் பழைய நேச நாடு, முதுகிற் குத்தப்பட்டோம் என்று பகிரங்கமாகக் கூறியது. 2022 யூனில் அவுஸ்திரேலியா 55 கோடி 50 இலட்சம் யூரோ கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்க்க ஒப்புக்கொண்டது. பிரான்சுக்குத் திருப்பியழைக்கத் தூதுவர் இருந்தார். கேட்டுப் பெறக் கணக்கு இருந்தது. உடன்படிக்கையால் அடிபடும் மயிலிட்டியான் எந்தத் தூதுவரைத் திருப்பியழைப்பான்?

நம் தீவிலும் இக்கதை புதிதன்று. தேசவழமைச் சட்டம் பிறந்த அதே 1947இல், நொவெம்பர் 11ஆம் நாள், டி. எஸ். சேனநாயக்கா ஆங்கில அரசுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தார். திருகோணமலைக் கடற்றளமும் கட்டுநாயக்க விமானத்தளமும் ஆங்கிலேயர் கையில் நீடித்தன. இது மெய்யான சுதந்திரமன்றென்று சோவியத் ஒன்றியம் வாதிட்டது. 1955 வரை இலங்கைக்கு ஐக்கிய நாடுகள் சபையின் கதவு திறக்கவில்லை. தளங்கள் மீண்டது 1957இல். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: அந்த ஒப்பந்தம் அச்சேறியது. எதிர்த்தவர் வாசித்து எதிர்த்தனர். ஆதரித்தவர் வாசித்து ஆதரித்தனர். குடியேற்ற ஆட்சி காட்டிய அந்தக் குறைந்த மரியாதைதானும் குடியரசு ஆட்சியில் நமக்குக் கிடைக்கலாகாதா?

அடுத்தது 1987 யூலை 29. ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டபோது, அதனுடன் கடிதங்களும் பரிமாறினர். திருகோணமலையை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைக்கும் கொடுப்பதில்லை என்பதும், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இருநாடும் கூட்டாகச் சீரமைப்பதென்பதும் அக்கடிதங்களில் இருந்தன. ஒப்பந்தத்தில் தமிழருக்கு எழுதப்பட்டவை இணைந்த வடகிழக்கும் மாகாண சபையும். ஒப்பமிட்ட இருவரும் அரசுகள். தமிழர் அதிற் கட்சிக்காரரல்லர், காரணம் மட்டுமே. மூன்று மாதம் செல்லுமுன் குடாநாடு போர்க்களமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் இந்தியப் படையின் சூட்டுக்கு இரையாயினர்.

இப்போது கணக்குப் பார்ப்போம். எண்ணெய்த் தாங்கி வாசகம் 2022 சனவரியில் புதிய உடன்படிக்கையாகி, 99 தாங்கிகளில் 61ஐ இருநாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கும் 14ஐ இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கும் ஒதுக்கியது. இலங்கை மண் இந்தியாவின் பாதுகாப்புக்குக் கேடாகப் பயன்படாது என்ற உறுதிமொழி 2024 டிசெம்பரில் புதுடில்லியில் மீளவும் கொடுக்கப்பட்டது. தமிழர் பகுதியோ? இணைந்த வடகிழக்கை 2006 ஒக்டோபர் 16ஆம் நாள் உயர்நீதிமன்றம் பிரித்தது. காணி, பொலிசு அதிகாரங்கள் கடதாசியில் கிடக்கின்றன. 2013இல் தெரிந்த வடமாகாண சபை 2018இல் ஆயுள் முடிந்தது; 2025 கழிந்தும் தேர்தல் நடைபெறவில்லை. ஒரே நாளில் எழுதிய பத்திரங்களில், படை பற்றிய வாசகம் பயிராயிற்று. மக்கள் பற்றிய வாசகம் பதராயிற்று. இது தற்செயலன்று. வல்லவனின் நலனுக்கு எழுதிய வரிக்குக் காவல் உண்டு. கேட்க நாதியற்றவனுக்கு எழுதிய வரிக்குக் காவல் இல்லை.

வடகிழக்கைப் பிரிக்க வழக்குத் தொடுத்தவர் யார்? மக்கள் விடுதலை முன்னணியினர். இந்திய விஸ்தரிப்புவாதம் என்று வகுப்பெடுத்தும், 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதமெடுத்தும் வளர்ந்த கட்சி அது. அக்கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க சனாதிபதியாயிருக்கையிற்றான் 2025 உடன்படிக்கை ஒப்பமாயிற்று. கொள்கை மாறலாம், நாம் அதனைக் குறை கூறோம். தமிழருக்கு அதிகாரம் வருமென்று கண்டபோது இந்தியாவின் கையைத் தட்டியவர், படை உடன்பாடு வந்தபோது அக்கையைப் பற்றிக்கொண்டதையே குறை கூறுகிறோம்.

தென்னிலங்கைத் தேசாபிமானிகளிடமும் ஒரு கேள்வி. இறைமை போயிற்றென்று நீங்கள் புலம்புவது கேட்கிறது. 1990 யூனில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு ஓடினர். துறைமுகமும் அதனையடுத்த 54 ஏக்கரும் 2017 யூலை 3ஆம் நாளே விடப்பட்டன. இருபத்தேழு ஆண்டு ஒரு கடற்றொழிற் சமூகம் முகாமிலும் உறவினர் வளவிலும் காலங்கழித்தது. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் படைத்தேவைக்குச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளரைக் காணமுடியவில்லை என்றும் அதில் எழுதினார்கள். அவ்வுரிமையாளர் சில கட்டை தூரத்தில் முகாமில் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தனர்! அன்று உங்கள் இறைமை எங்கே உறங்கியது? அந்நியப் படை வருமோ என்றஞ்சும் உங்களுக்கு, சொந்தப் படை நம் செம்மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் பயிரிட்டு விற்றபோது வாய் திறக்கவில்லையே.

ஆகவேதான் இவ்வுடன்படிக்கை நமக்கு வெறும் வெளிநாட்டு விவகாரமன்று. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் அமைத்தது; 1987இல் இந்தியப் படை அங்கேயே இறங்கியது; 2019 ஒக்டோபரில் அது இந்திய உதவியுடன் சர்வதேச விமான நிலையமாயிற்று. படையைப் பற்றிய எப்பத்திரமும் கடைசியில் வலிகாமம் வடக்கின் தோட்டத்து வேலியில் வந்தே முட்டும். அப்பத்திரத்தில் பலாலி உண்டா, காங்கேசன்துறை உண்டா என்பதைக் காணிக்காரன் வாசித்தறிய உரிமையற்றவனா?

தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பாருமுளர். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தேசியப் பாதுகாப்பையும் வெளிநாட்டுறவையும் காட்டித் தகவலை மறுக்க வழி விடுகிறது. பொதுநலன் மேலோங்கின் கொடுத்தல் வேண்டுமென்று அதே பிரிவு கூறுகிறதெனினும், அதற்குக் குடிமகன் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றுக்கும் அலைய வேண்டும். இன்னொன்றும் காண்க. சிங்கராசா வழக்கில் ஒரு தமிழ்க் கைதி, இலங்கை 1997இல் ஏற்ற சர்வதேச மனிதவுரிமை ஏற்பாட்டை நம்பி நீதி கேட்டார். சனாதிபதி தாமாகச் செய்த அவ்வேற்பு நாட்டினுள் செல்லாதென்று 2006 செப்ரெம்பரில் உயர்நீதிமன்றம் தீர்த்தது. தமிழன் உரிமை கேட்டால் பாராளுமன்றம் வேண்டும். படைக்கு உடன்படிக்கையென்றால் பாராளுமன்றம் வேண்டாம். இது எந்நாட்டு நியாயம்?

மயிலிட்டித் துறைமுகத்துக்குச் சென்று பாருங்கள். பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் அங்கு கட்டுண்டு கிடக்கும். அவை நம் வலையை அறுத்து, நம் கடலடியை வழித்தெடுத்தவை. இழுவைமடி 2017ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் விலக்கப்பட்டது. மறுபக்கம், 2025 சனவரி 28ஆம் நாள் நெடுந்தீவுக் கடலில் கடற்படைச் சூட்டில் இந்தியக் கடற்றொழிலாளர் ஐவர் காயமுற்றனர். புதுடில்லி இலங்கைத் தூதரகப் பதிலதிகாரியை அழைத்துக் கண்டித்தது. பத்துக் கிழமை கழியுமுன் அவ்விரு அரசுகளும் பாதுகாப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. தளபதிகள் கூடிக் கடலைப் பேசலாம். அதே கடலில் பிழைக்கும் இருகரைத் தமிழரின் சிக்கலோ ஆண்டாண்டாய்ப் பேச்சில் தொங்குகிறது. 2025 செப்ரெம்பர் 1ஆம் நாள் மயிலிட்டித் துறைமுக வேலையைத் தொடக்கிவைத்த சனாதிபதி அன்றே கச்சதீவுக்கும் சென்றார். கல் நாட்டினார், நன்று. கல்லுக்குப் பின்னால் நிற்கும் காணிக்காரனுக்கு விடை எங்கே?

நம் பிரதிநிதிகளையும் விடுவதற்கில்லை. டில்லிப் பிரதமரைக் கண்டு கைகுலுக்கி மகிழ்ந்தீர். உடன்படிக்கையின் பிரதி வேண்டுமென்று அவரிடமாவது கேட்டீரா? இந்தியாவை நம்புகிறோம் என்பது அரசியலாகாது. நம்புகிறவனும் பத்திரத்தை வாசித்தே கையெழுத்திடுவான்.

நாம் கேட்பவை நான்கு. உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுக. அதனைப் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வைக்க. இவ்வுடன்படிக்கையின் பெயரால் வலிகாமம் வடக்கில் ஒரு பரப்பும் எடுக்கப்படாதென்றும், எடுத்து வைத்திருப்பது மீளுமென்றும் எழுத்தில் உறுதி தருக. இருநாட்டுப் பாதுகாப்புப் பேச்சு நடக்கும் மேசையில், இருகரைக் கடற்றொழிலாளரின் பிரதிநிதிகளுக்கும் இடமளிக்க.

உழவர் சங்கங்களும் கடற்றொழிற் சங்கங்களும் இந்நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றித் தத்தம் பாராளுமன்ற உறுப்பினர் கையில் கொடுக்கட்டும். சட்டமறிந்தோரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் அவற்றை எழுதிக்கொடுக்கட்டும். இத்தீவு பங்குக்காணி. நாம் பங்காளிகள். அறிவித்தல் தராமல் எழுதிய உறுதியைப் பங்காளி கேள்விக்குட்படுத்தலாம் என்பது இம்மண்ணின் சட்டம்.