கையெழுத்துக்கு முன் கணக்கு
கால்பந்து வீரர்களின் சம்பளச் செலவு குறித்து எங்கள் ரசிகர் அமைப்பின் நிலைப்பாடு

ஐரோப்பாவின் முதல்நிலைக் கால்பந்து லீக்குகளில் வீரர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இன்னும் வராத பணத்தை நம்பிக் கிளப்புகள் சம்பளம் பேசுகின்றன. எங்கள் ஆட்சேபம் அதற்குத்தான். ஒரு வீரரின் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன்பே, அந்தச் சம்பளத்தைத் தாங்கும் வருவாய் கிளப்பிடம் இருக்கிறதா என்று லீக் நிர்வாகம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பதிவை மறுக்க வேண்டும். சீசன் முடிந்த பிறகு பழைய கணக்கைப் பிரித்துத் தண்டனை தரும் முறை போதாது.

வீரருக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை நிர்ணயிப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். இங்கிலாந்து அதை அறுபது ஆண்டுகள் செய்து பார்த்தது. 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று தொடங்கிய உச்சவரம்பு, 1961 ஜனவரியில் ஒழிந்தபோது 20 பவுண்டில் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மைதானங்கள் நிரம்பி வழிந்த ஆண்டுகளிலும் அந்தக் கூட்டத்தை இழுத்தவர்களின் கைக்கு அந்தப் பணம் போகவில்லை. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்த பிறகே கிளப்புகள் இறங்கி வந்தன. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கும் முதல் வீரரானார். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஏங்குபவர்கள், அப்போது யார் பையில் காசு சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1995இல் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் இடமாற்றத் தொகை இல்லாமல் வேறு கிளப்புக்குப் போக வழிவிட்டது. ஒளிபரப்பு உரிமைப் பணமும் பெருகியது. சம்பளம் ஏறியதில் வியப்பில்லை. ஆனால் சில கிளப்புகள் அடுத்த ஆண்டு வெற்றியையும் வருவாயாகவே எழுதிக்கொண்டன. லீட்ஸ் யுனைடெட் 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அந்தப் போட்டிக்கு ஆண்டுதோறும் தகுதி பெறுவோம் என்று நம்பிக் கடன் வாங்கியிருந்தது. தகுதி தவறியது, 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2007இல் மூன்றாம் பிரிவுக்கே போனது. போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2010 பிப்ரவரியில், பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே திவால் நிர்வாகிகளின் கைக்குப் போன முதல் கிளப் என்ற பெயரையும் வாங்கியது. இப்படிக் கிளப் நொடித்தால் வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முதலில் முழுதாகத் தீர்க்க வேண்டும் என்பது ஆங்கிலக் கால்பந்தின் விதி. போர்ட்ஸ்மத்தின் கடன் பட்டியலில், மைதானத்தில் முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்பும் இருந்தது. அது வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். இந்த விதியை மாற்ற வேண்டும். உள்ளூர்க் கடைக்காரரும் தொண்டு அமைப்பும் கோடீஸ்வரருக்குப் பின்னால் நிற்பது வெட்கக்கேடு.

1885இல் பிறந்து, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்ற பரி கிளப்பின் கதை இன்னும் கொடுமை. 2019இல் மேல் பிரிவுக்குத் தகுதி பெற்ற அதே ஆண்டில், சம்பளம் கொடுக்க வழியின்றி, ஆகஸ்டில் லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டது.

ஸ்பெயின் அடிபட்டுப் பாடம் கற்றது. 2011 ஆகஸ்டில் 200க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சம்பள பாக்கி. வேலைநிறுத்தத்தால் சீசனின் முதல் சுற்றே தள்ளிப்போனது. சம்பளத்துக்கு வரம்பு என்றால் வீரர்களுக்கு எதிரானது என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். 2013 முதல் லா லீகா ஒவ்வொரு கிளப்புக்கும் அதன் வருவாயைப் பார்த்து முன்கூட்டியே வரம்பு போடுகிறது. அதைத் தாண்டினால் வீரரைப் பதிவு செய்ய முடியாது. 2021இல் மெஸ்ஸிக்கே பதிவு கிடைக்கவில்லை. பார்சிலோனாவின் சம்பளச் செலவு வருவாயில் 103 சதவீதம் என்று தலைவர் லபோர்டாவே ஒப்புக்கொண்டார். மெஸ்ஸி அழுதுகொண்டே விடைபெற்றதைப் பார்த்து நாங்களும் கலங்கினோம். ஆனாலும் விதி சரியாகவே வேலை செய்தது என்பதுதான் எங்கள் கருத்து. அந்த விதியிலும் ஓட்டை உண்டு. மறு ஆண்டே பார்சிலோனா தன் லீக் ஒளிபரப்பு வருவாயில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு விற்று, வரம்பை உயர்த்திக்கொண்டது. பேரப்பிள்ளைகளின் பங்கை விற்று இன்றைக்கு விருந்து வைப்பதை வருவாய் என்று எந்த லீக்கும் ஏற்கக் கூடாது.

தனக்குத் தானே விற்பதும் அப்படித்தான். செல்சி தன் ஹோட்டல்களை 7.65 கோடி பவுண்டுக்குத் தன் குழும நிறுவனத்துக்கே விற்றுக் கணக்கை நேர்செய்தது. பிரீமியர் லீக் விதி அதற்கு இடம் கொடுத்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் விதியில் அதற்கு இடமில்லை.

மூன்றாண்டில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்ற பிரீமியர் லீக் விதி எங்களைப் போன்ற ரசிகர்களைத்தான் அலைக்கழித்தது. எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டு. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2024 ஏப்ரலில் மேலும் 2 போனது. தங்கள் அணி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அந்த சீசனில் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அந்த நஷ்ட விதிக்குப் பதிலாக, வீரர்களின் சம்பளம், இடமாற்றத் தொகையின் ஆண்டுப் பங்கு, முகவர் கமிஷன் எல்லாம் சேர்ந்து வருவாயில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் கிளப்புகள் 2025 நவம்பரில் ஏற்றன. 2026-27 சீசனில் அது நடைமுறைக்கு வருகிறது. சீசன் நடக்கும்போதே கணக்குப் பார்க்கும் என்பதால் வரவேற்கிறோம். ஆனால் 85 அதிகம். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு 70 என்றிருக்க, மற்றவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை?

கடைசி இடத்துக் கிளப் பெறும் ஒளிபரப்பு, பரிசுப் பணத்தின் மடங்காக எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு வைக்கும் திட்டம் அன்றே தோற்றது. எங்களுக்கு வருத்தமில்லை. மேலே கூரை போட்டதால் மட்டும் கீழே இருப்பவனுக்கு ஒரு காசு வந்துவிடாது. சதவீத விதி பணக்காரக் கிளப்பின் இடத்தை உறுதியாக்கும் என்பது உண்மை. அதற்கு மருந்து, ஒளிபரப்புப் பணத்தைக் கீழ்ப்பிரிவுகளுடன் தாராளமாகப் பகிர்வதுதான். இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் பல சீசன்களில் மொத்தச் சம்பளமே மொத்த வருவாயை மிஞ்சியிருக்கிறது. மேலே ஏறிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற சூதாட்டம் அது. இறங்கி வரும் கிளப்புக்கு மூன்றாண்டு வரை உதவித்தொகை கிடைப்பதால், மற்றவர்கள் அதற்கு ஈடுகொடுக்க மேலும் கடன் வாங்குகிறார்கள். அணி இறங்கினால் சம்பளமும் இறங்கும் என்ற நிபந்தனையை எல்லா ஒப்பந்தங்களிலும் கட்டாயமாக்கினால் அந்த உதவித்தொகையின் தேவையே குறையும்.

2025ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் கால்பந்துக்கென்று சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தி, கிளப்புகளுக்கு உரிமம் தரும் அதிகாரத்தையும் அதனிடம் கொடுத்திருக்கிறது. வருவாயை மிஞ்சிச் சம்பளம் தர விரும்பும் உரிமையாளர், ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான பற்றாக்குறையைக் கையெழுத்திடும் முன்பே வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாகச் சேர்க்குமாறு அந்த அமைப்பைக் கேட்டுக்கொள்கிறோம்.