கிருமி ஒன்று... உடம்பு வேறு!



ஒரே வீடு. ஒரே அடுப்பில் வெந்த சோறு. ஒரே பாயில் படுத்து எழுந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவன் இருமி இருமி எலும்பும் தோலுமாகப் போகிறான். இன்னொருவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு எங்க கான்சாபுரம் பக்கம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "அவன் தலையெழுத்து" என்பார் ஒருவர். "கண்ட பழக்கம் இருந்திருக்கும், சும்மாவா வரும்?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படிப்பா" என்பார். மூன்றும் தப்பு என்பதே என் கருத்து.

எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவன் நான்தான் முதல். அதனால் தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுத்தாலும் "தம்பி, நீ படிச்ச பையன், இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று என்னிடம் நீட்டுவார்கள். நான் படிப்பது மெக்கானிக்கல்! ஆனாலும் கேட்பவர்களுக்கு ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டுமே என்று காசநோயைப் பற்றித் தேடிப் படித்தேன்.

உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறது. ஆனால் அப்படி நுழைந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்கள் உடம்பில் வெள்ளையணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்துக் கோட்டை கட்டி உள்ளேயே அடைத்து வைத்துவிடுகின்றன. கோட்டை பலவீனமானால் கிருமி வெளியே வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஜெர்மனியில் லூபெக் என்ற நகரில் 1930ஆம் ஆண்டு வாக்கில் ஒரு துயரம் நடந்தது. பிறந்த குழந்தைகள் சுமார் 250 பேருக்கு வாய்வழியாகக் கொடுத்த பி.சி.ஜி. தடுப்பு மருந்தில், தவறுதலாக உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆனால் அதைவிட அதிகமான குழந்தைகள், காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்காத அந்தக் காலத்தில், தாமாகவே தேறினார்கள். உள்ளே போன கிருமியின் அளவு ஒவ்வொரு குழந்தைக்கும் வேறுபட்டது என்பது ஒரு காரணம். உடம்பு வேறுபட்டது இன்னொரு காரணம். பச்சைக் குழந்தைக்கு என்ன கெட்ட பழக்கம் இருக்க முடியும்? யோசித்துப் பாருங்கள்!

உடம்பு எப்படி வேறுபடுகிறது? பதில் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. பஸ் ஏறினால் வந்துவிடும் மதுரைக்குப் போனால் போதும். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், ஹெச்.எல்.ஏ. என்னும் மரபணு வகைகளுக்கும் தென்னிந்தியரின் காசநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார்கள். ஹெச்.எல்.ஏ. என்பது, நுழைந்த கிருமியின் துண்டைப் பிடித்துத் தூக்கி "இதோ எதிரி" என்று வெள்ளையணுவுக்குக் காட்டும் கை மாதிரி. அந்தக் கை ஆளுக்கு ஆள் வேறு வகை. அதில் ஒரு வகை உள்ளவர்களிடம் நுரையீரல் காசநோய் கூடுதலாகக் காணப்பட்டது.

"அப்போ குடும்பத்து ரத்தம்னு சொன்னது சரிதானே?" என்று கேட்பீர்கள். இல்லை நண்பர்களே! மரபணு என்பது ஒரு சாய்வு, தீர்ப்பு அல்ல. அதே வகை இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம். வந்தாலும் சாதாரணக் காசநோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகிற நோய். இதற்காக ஒரு பெண்ணுக்கு வந்த வரனைத் "தகப்பனுக்கு டி.பி." என்று சொல்லித் தட்டிவிட்டதை எங்க பக்கத்தில் நானே கண்டிருக்கிறேன். அந்த அக்காவுக்கு நோயும் இல்லை, குற்றமும் இல்லை. கொடுமை அல்லவா?

வித்தியாசம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் சென்னையே நல்ல உதாரணம். 1956இல் அங்கே காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கினார்கள். நல்ல சாப்பாடு, படுக்கை வசதியோடு சானடோரியத்தில் சேர்ந்தவர்களும், குடிசையில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமடைந்ததை 1959இல் உலகுக்குக் காட்டினார்கள். பிறகு இன்னொன்றையும் கண்டார்கள். ஐசோனியசிட் என்ற மருந்தைச் சிலர் உடம்பு பிறவியிலேயே வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது. சிலர் உடம்பு மெதுவாக. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்தபோது வேகக்காரர்களுக்குக் குணம் குறைவு. தினமும் கொடுத்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. கவனியுங்கள்... நோயாளியைக் குறை சொல்லவில்லை, மருந்து கொடுக்கும் முறையைத்தான் சரிபார்த்தார்கள்!

"நான் இளவட்டம், கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று மார்தட்டும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கொரோனாவை நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள்தானே? உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன கொரோனா நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, உடம்பின் முதல் காவல்காரனான இன்டர்ஃபெரானை அவர்கள் ரத்தமே தாக்கி முடக்கியிருந்ததை 2020இல் கண்டுபிடித்தார்கள். வெளியே பார்த்தால் இது தெரியுமா? எதிர்ப்பு சக்தி குறைந்தால் மட்டுமல்ல, எல்லை மீறினாலும் ஆபத்து. அதைத் தணிக்கும் டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனே இல்லை. ஆள் பார்த்து, நிலை பார்த்துத்தான் மருந்து!

நம்ம லேபில் டென்சைல் டெஸ்ட் செய்கிறோமே... மைல்டு ஸ்டீல் இழுக்க இழுக்க நீளும். வார்ப்பிரும்பு படக்கென்று முறியும். அதற்காக வார்ப்பிரும்பைத் திட்டுகிறோமா? அதன் குணத்தை அளந்து, அதற்கேற்ற பாரம் ஏற்றுகிறோம். மேலே ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியும் வைக்கிறோம். மனுஷனுக்கு மட்டும் அளக்காமலேயே தீர்ப்பு சொல்லலாமா?

பிறவியில் வந்த மரபணுவை நாம் மாற்ற முடியாது. ஆனால் கோட்டையைப் பலப்படுத்த முடியும். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023இல் வந்தது. காசநோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்தான் ஐயா! சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. புகையும் குடியும் சேர்ந்தால் இன்னும் மோசம். இவையெல்லாம் நம் கையில் இருப்பவை.

நம் தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதைத்தான் செய்கிறது. நோய் என்று தெரிந்ததும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்ஸிஜன் அளவு, தாங்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். 160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோவுக்கும் கீழே இருந்தால் அவர் பேராபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். எடை மெஷின், அளவு டேப், விரலில் மாட்டும் கருவி போதும்!

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த என்.எஸ்.எஸ். முகாமில் ரோட்டோரம் புல் செதுக்குவதோடு நிறுத்த வேண்டாம். ஓர் எடை மெஷினையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு போவோம். ராஜபாளையம் மில் தொழிலாளர் தெருக்களுக்கும், சத்திரப்பட்டிப் பேண்டேஜ் தறிக்காரர்கள் வீடுகளுக்கும், எங்க மலையடிவார ஊர்களுக்கும் போவோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போவோம். காசநோயாளிக்கு மாதம் 1000 ரூபாய் உணவுக்காக அரசு தருவதைச் சொல்லி, வங்கிப் படிவத்தை நாமே நிரப்பிக் கொடுப்போம்.

விழுந்தவனைப் பார்த்து "ஏன் விழுந்தே?" என்று கேட்க ஊரே இருக்கிறது. "எத்தனை கிலோ இருக்கீங்கண்ணே?" என்று கேட்க நாம் இருப்போம். படித்த பிள்ளை என்று நம்மைக் கூப்பிடுகிறார்களே... அந்தப் பெயருக்கு இதுவாவது செய்ய வேண்டாமா?

— இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கான்சாபுரம்