களைப்பறியா இயந்திரமும் களைத்த மனிதனும்

ஓர் இசைக்குழு கலைந்தவுடன் அதைச் சுற்றி ஒரு தொன்மம் முளைத்துவிடுகிறது. படைத்தவன் சிதைந்தால்தான் படைப்பு உண்மையானது என்று நம்பும் ரசிக மனம் நம்மிடம் உண்டு. பர்மிங்ஹாமின் காட்ஃப்ளெஷ் குழு 2002இல் கலைந்ததையும் அப்படியொரு தியாகக் கதையாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசிப்பை நாங்கள் ஏற்கவில்லை.

பர்மிங்ஹாம் ஆலைகளின் நகரம். ஹெவி மெட்டலின் முன்னோடியான பிளாக் சாபத்தும் அங்கே தோன்றியதுதான். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி, தகட்டு ஆலையொன்றில் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இயந்திரம் மனித உடலின் மீது எழுதிச்செல்லும் வரலாற்றை அந்நகரம் நன்கறியும்.

1988இல் ஜஸ்டின் பிராட்ரிக்கும் ஜி. சி. கிரீனும் காட்ஃப்ளெஷைத் தொடங்கியபோது அந்த வரலாறு இசைமொழியாயிற்று. நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' (1987) தொகுப்பின் முதற்பக்கத்தில், மூச்சுவிட இடமில்லாத வேகத்தில் கிதார் வாசித்தவர் பிராட்ரிக். இப்போது அவர் அந்த வேகத்தைக் கைவிட்டார். டிரம்ஸ் வாசிப்பவரின் இடத்தில் ஒரு டிரம் மெஷினை அமர்த்தினார். 1989இல் இயர்ஏக் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட்கிளீனர்' தொகுப்பைக் கேட்பவர்கள், நெகிழ்வறியாத அந்தத் தாளத்தின் கீழ் ஒரு மனிதக்குரல் நசுங்குவதை உணரலாம். இன்டஸ்ட்ரியல் மெட்டல் என்னும் வகைமையின் அடித்தளங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

நிலவறை இசைக்குப் பெருநிறுவனங்களின் கதவும் சிறிது காலம் திறந்தது. 1994இல் வந்த 'செல்ஃப்லெஸ்' அமெரிக்காவில் கொலம்பியாவின் வழியே வெளியானது. அந்த உறவு நீடிக்கவில்லை. 1996இன் 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்' தொகுப்பில் மனித டிரம்மர் ஒருவர் நுழைந்தார். 2001இன் 'ஹிம்ஸ்' தொகுப்பில் டெட் பார்சன்ஸ் வாசித்தார். பின்னர் கிரீன் விலகினார்; கில்லிங் ஜோக் குழுவிலிருந்த பால் ரேவன் அவரிடத்துக்கு வந்தார். 2002இல் அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த தறுவாயில் பிராட்ரிக் மனநிலை குலைந்து, பயணத்தைக் கைவிட்டார். அத்துடன் குழுவும் முடிந்தது.

இங்கேதான் எங்கள் கருத்து வேறுபடுகிறது. பதினான்கு ஆண்டுகள் இந்த இசை சொல்லிவந்ததென்ன? இயந்திரத்துக்குக் களைப்பில்லை, மனிதனுக்கு உண்டு என்பதுதான். அப்படியிருக்க, களைத்த மனிதன் நின்றுவிடுவதை எப்படித் தோல்வி என்பது? ஒப்பந்தம், பயணத்திட்டம், விற்பனைக் கணக்கு இவையெல்லாம் சேர்ந்ததும் ஒருவகை டிரம் மெஷின்தான். அதன் தாளத்துக்கு ஆட மறுத்தது, அந்த இசைக்கு இழைத்த துரோகமல்ல. அதன் தர்க்கபூர்வமான நீட்சி. அதேவேளை அந்தக் குலைவைக் கலையின் உச்சமென்று கொண்டாடுவதும் ஒரு வன்முறையே. நோய் நோய்தான், அதற்கு அழகியல் மதிப்பெண் போட நாம் யார்?

பின்னால் நடந்தவை இதை உறுதிப்படுத்துகின்றன. 'ஹிம்ஸ்' தொகுப்பின் இறுதிப்பாடலின் பெயரான 'யேசு'வையே பிராட்ரிக் தம் அடுத்த குழுவுக்குச் சூட்டினார். அதன் இசையில் கனம் குறையவில்லை. ஆனால் உள்ளே வெளிச்சம் வந்திருந்தது. 2010இல் அவரும் கிரீனும் மீண்டும் இணைந்தார்கள். 2014, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய தொகுப்புகள் வந்தன. டிரம் மெஷினும் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

சிதைவைப் போற்றும் ரசிகனுக்கு எட்டு ஆண்டுகள் நீடித்த அந்த மௌனம் வெறும் இடைவெளியாகத் தோன்றலாம். அந்த மௌனத்தையும் இக்குழுவின் படைப்புகளுள் ஒன்றாகவே நாங்கள் கொள்கிறோம். அது இல்லாதிருந்தால், பின்னர் வந்த தொகுப்புகளைப் படைக்க மனிதர் எஞ்சியிருப்பாரா என்பது ஐயமே.