தூதரின் வீட்டில் வேலை: விசாவும் ஒப்பந்தமும்



வளைகுடா நாடுகளில் உயர் அதிகாரிகளின் இல்லங்களில் சமையலராகவும், ஓட்டுநராகவும், குழந்தைகளைப் பராமரிப்பவராகவும் சபர் சென்றிருப்போர் நம் குடும்பங்களில் உண்டு. அத்தகைய அதிகாரி ஒருவர் வாஷிங்டனுக்கோ நியூயார்க்கிற்கோ தூதரகப் பணிக்கு மாற்றப்படும்போது, தம்மிடம் பல்லாண்டு நம்பிக்கையாக உழைத்தவரையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புவது இயல்பு. "எனக்கு அரசாங்க விசா கிடைக்கப் போகிறது" என்று ஊருக்குத் தகவல் வந்ததும் வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. அந்த விசா எத்தகையது, அதற்குத் தகுதி என்ன, அது தரும் பாதுகாப்பு எவ்வளவு என்பவற்றைப் புறப்படுமுன் அறிந்திருத்தல் அவசியம். இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

மூன்று வகைகள்

அயல்நாட்டு அரசுகளின் ஊழியர்களுக்கு அமெரிக்கா வழங்கும் தற்காலிக விசா 'ஏ' என்னும் எழுத்தால் குறிக்கப்படுகிறது. நாட்டுத் தலைவர்கள், அமைச்சர்கள், தூதர்கள், தூதரகத்தின் உயர் அதிகாரிகள் ஆகியோருக்கு உரியது ஏ-1. தூதரகத்தில் முழுநேரமாகப் பணியாற்றும் ஏனைய அரசு ஊழியர்களுக்கும், தம் அரசின் எழுத்துபூர்வமான வேண்டுகோளின்பேரில் அலுவல் நிமித்தம் செல்வோருக்கும் உரியது ஏ-2. இவ்விரு வகையினரும் தம் சொந்த வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொள்பவருக்கு வழங்கப்படுவதே ஏ-3. ஐக்கிய நாடுகள் சபை, உலக வங்கி போன்ற சர்வதேச நிறுவனங்களில் பணியாற்றுவோருக்கு 'ஜி' வகை விசாக்கள் உண்டு. அவர்களது வீட்டுப் பணியாளர் பெறுவது ஜி-5.

யாருக்குத் தகுதி?

ஒருவர் அரசு ஊழியர் என்பதனால் மட்டும் முதலிரு விசாக்களும் கிடைத்துவிடா. அவர் எந்த அலுவலுக்காகப் பயணம் செய்கிறார் என்பதே முதலில் கவனிக்கப்படுகிறது. அந்த அலுவல் இயல்பிலேயே ஓர் அரசு மட்டும் செய்யக்கூடியதாக இருத்தல் வேண்டும். அரசுக்குப் பங்கு இருக்கிறது என்பதற்காக ஒரு வணிக நிறுவனத்தின் ஊழியர் இதில் அடங்கமாட்டார். தேசிய அரசின் சார்பில் செல்பவருக்கே இவ்விசா. ஒரு மாநில அரசின் சார்பில் மட்டும் செல்லும் அதிகாரி வருகையாளருக்கான 'பி' விசாவையே பெறவேண்டும். அமைச்சரே ஆயினும், சுற்றுலாவுக்குச் சென்றால் 'பி' விசாதான். நாட்டின் தலைவருக்கும் அரசின் தலைவருக்கும் மாத்திரம் இவ்விதியிலிருந்து விலக்குண்டு. அவர்கள் எக்காரணம் பற்றிச் சென்றாலும் 'ஏ' விசாவே வழங்கப்படும்.

ஏ-3 விசா வேறு விதமானது. இதனைப் பெறுபவர் அரசு ஊழியர் அல்லர். ஓர் அரசு ஊழியரின் தனிப்பட்ட வேலையாள். அவர் அமெரிக்காவில் தங்கியிருக்கும் உரிமை அந்த ஒரு முதலாளியையே சார்ந்திருக்கிறது. வேறிடத்தில் வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. "அரசாங்க விசா" என்ற சொல்லில் மயங்குவோர் மறந்துவிடும் செய்தி இதுவே.

ஒப்பந்தமே உயிர்நாடி

ஏ-3 விசாவுக்கு விண்ணப்பிப்பவர் இருதரப்பினரும் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தைச் சமர்ப்பித்தாக வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். பணியாளருக்கு ஆங்கிலம் தெரியாவிடில், அவருக்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும். தமிழ் மட்டுமே அறிந்தவர் தமிழில் ஒரு படி கேட்பது சலுகை அன்று, அவரது உரிமை.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை யாவை? செய்யவேண்டிய வேலைகள், வேலை நேரம், விடுமுறை நாள், மணிக்கு இவ்வளவு என்ற ஊதியம் ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி, அப்பகுதியில் அவ்வேலைக்கு வழக்கமாக வழங்கப்படும் கூலி ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் ஊதியம் அமைய வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். தூதரகங்கள் நிறைந்த வாஷிங்டன் நகரிலோ அது இதைப்போல் இருமடங்கிற்கும் அதிகம். உணவுக்கென்றும் தங்குமிடத்துக்கென்றும் ஊதியத்தில் பிடித்தம் செய்யலாகாது. பணத்தைக் கையில் ரொக்கமாகத் தருவதும் ஏற்கப்படுவதில்லை. காசோலையாகவோ, பணியாளரின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் வழியாகவோ செலுத்த வேண்டும். பாஸ்போர்ட்டையும் ஒப்பந்தப் படியையும் முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை நேரம் முடிந்தபின் ஊதியமின்றி வீட்டிலேயே இருக்குமாறு கட்டாயப்படுத்தவும் கூடாது. போக, வரப் பயணச் செலவும் முதலாளியைச் சார்ந்ததே.

2008 இல் இயற்றப்பட்ட, வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் பெயரைத் தாங்கிய ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இதற்கு மேலும் வலுவூட்டியது. அதன்படி விண்ணப்பதாரரை விசா அதிகாரி நேரில் சந்தித்து, ஒப்பந்தத்தையும் அவருக்குள்ள உரிமைகளையும் விளக்க வேண்டும். அவ்வேளையில் முதலாளியோ தரகரோ உடனிருக்கக் கூடாது. அந்தச் சில நிமிடங்களில் மனத்திலுள்ள ஐயங்களைத் தயங்காமல் கேட்டுவிடுவது அறிவுடைமை.

இத்தனை கட்டுப்பாடு ஏன்?

1961 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, தூதருக்கு அவர் பணிபுரியும் நாட்டின் நீதிமன்றங்களிலிருந்து விலக்குரிமை உண்டு. அவரைக் கைது செய்ய இயலாது. பெரும்பாலான வழக்குகளும் அவர்மீது செல்லா. நாடுகளுக்கிடையிலான உறவு தடையின்றி நடைபெற ஏற்பட்ட இவ்வேற்பாடு, நான்கு சுவர்களுக்குள் ஊதியம் மறுக்கப்படும் ஏழைப் பணியாளருக்குப் பெரும் மதிலாகிவிடுகிறது. ஆகவேதான் விசா வழங்கும் வாசலிலேயே தடுக்க முற்படுகிறார்கள்.

இத்துறையில் நிகழ்ந்த சில வழக்குகள் நமக்குப் பாடமாகும். 2013 டிசம்பரில், நியூயார்க்கில் பணியாற்றிய இந்தியத் துணைத் தூதர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பணிப்பெண்ணின் விசாவுக்காக மணிக்கு 9.75 டாலர் எனக் காட்டிவிட்டு, மாதம் 30,000 ரூபாய் என்று வேறோர் ஒப்பந்தம் செய்துகொண்டார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. இரு நாடுகளுக்கிடையே பெரும் கசப்பை விளைவித்த அவ்வழக்கின் குற்றப்பத்திரிகை, 2014 மார்ச்சில் விலக்குரிமையின் பேரில் தள்ளுபடியாகி, சில நாட்களில் மீண்டும் தாக்கலாயிற்று.

பிரிட்டனில் 2022 இல் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பொன்றை வழங்கியது. சவூதி தூதரக அதிகாரி ஒருவர்மீது பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் தொடுத்த வழக்கு அது. ஒருவரை நவீன அடிமைபோல் வைத்துச் சுரண்டி ஆதாயம் அடைவது விலக்குரிமைக்கு அப்பாற்பட்ட வணிகச் செயலாகும் என ஐந்து நீதிபதிகளுள் மூவர் தீர்ப்பளித்தனர். ஆஸ்திரேலியாவில் 2024 இல், அங்குப் பணியாற்றிய இலங்கையின் முன்னாள் துணை உயர் ஆணையர் ஒருவர் தம் பணிப்பெண்ணுக்கு ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் அதிகமாக வழங்கவேண்டும் எனக் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்றாண்டுகளில் அப்பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வு இரண்டே நாட்கள். அதுவும் சமைக்கையில் கையைச் சுட்டுக்கொண்டதனால்!

நினைவிற்கொள்க

நீதி கிடைத்தது உண்மையே. ஆனால் அதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. ஆகவே புறப்படுமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம்.

'ஏ' வகை விசாவுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. விசாக் கட்டணம் என்று எவரேனும் பணம் கேட்டால் அங்கேயே விழித்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு ஓர் ஒப்பந்தம், உண்மையான சம்பளத்துக்கு வேறொன்று எனக் கூறினால் இரண்டாவதில் கையொப்பமிடாதீர்கள். ஒப்பந்தம் இருதரப்பும் காக்கவேண்டிய அமானிதம். மறைவான மறு ஒப்பந்தம் அதைப் பாழாக்குகிறது. "விசாவுக்காகத்தானே" என்று நேர்காணலில் பொய்யுரைப்பது பின்னர் உங்களையே பாதிக்கும். ஒப்பந்தத்தின் படியொன்றையும் பாஸ்போர்ட்டின் படியொன்றையும் ஊரிலுள்ள வீட்டாரிடம் ஒப்படையுங்கள். வேலை செய்த நேரத்தை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

அமெரிக்காவில் துன்பம் நேரிட்டால் 1-888-373-7888 என்ற ஆள்கடத்தல் தடுப்பு உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து எனில் 911. ஒப்பந்தத்தை மீறிய முதலாளிமீது உரிமையியல் வழக்குத் தொடுக்கும் ஏ-3, ஜி-5 பணியாளர், அவ்வழக்கை நடத்துவதற்காக அந்நாட்டில் தங்கி வேலை செய்யவும் 2008 சட்டம் வழிவகுத்துள்ளது. முதலாளியை விட்டு வெளியேறிய மறுநொடியே நாடு கடத்தப்படுவோம் என்ற அச்சத்தால் கொடுமையைச் சகித்திருக்கத் தேவையில்லை.

ஊரிலிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் பணம் வருகிறதா என்று பார்ப்பதுடன் நின்றுவிடாமல், "வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைக்கிறதா, பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா?" என்றும் தொலைபேசியில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், அதன் காரணத்தை அறியும்வரை விடாதீர்கள்.